மாலத்தீவில் கடைசி நாள்

வெளியூர் செல்பவரிடம் எல்லோரும் "எப்போது புறப்பாடு?" என்றுதான் கேட்கிறார்கள். திரும்பி வரும் வழியைப் பற்றி விசாரிப்பவர் அரிது. பயணக் கட்டுரைகளும் போய்ச் சேர்ந்த இடத்தின் அழகைப் பக்கம் பக்கமாக வருணித்துவிட்டு, "ஊர் திரும்பினோம்" என்ற ஒற்றை வரியில் முடிந்துவிடுகின்றன. ஆனால் அன்பு வாசகர்களே, கடலுக்குள் மூழ்கிப் பார்க்கச் செல்லும் பயணத்தில் மிகுந்த கவனத்திற்குரியது திரும்பும் நாளே. கடலில் நலமாக இருந்தவர்கள் திரும்பும் வழியில் அவசரப்பட்டதால் நோயுற்ற நிகழ்ச்சிகள் உண்டு. ஆதலால் இந்தக் கட்டுரையில் மாலத்தீவின் கடைசி நாளையும், அங்கிருந்து கீழக்கரை வரை வந்த நெடுவழியையும் மட்டுமே உங்கள் முன் வைக்கிறேன்.

2025 பிப்ரவரியில் நானும், என் சகோதரியின் மகனும், உறவினர் இருவருமாக நால்வர் அங்கே சென்றிருந்தோம். தெற்கு ஆரி பவளத்தீவுக் கூட்டத்திலுள்ள தீகுரா என்னும் சிறு தீவில் தங்கினோம். அங்குள்ள ஸ்கூபா நிலையம் ஒன்றின் வழியாக ஐந்து நாட்களில் ஒன்பது முறை கடலில் இறங்கினோம். முதுகில் காற்று உருளை, வாயில் சுவாசக் குழாய், உடலை முழுவதும் மூடும் உடை. மாலத்தீவின் விதிப்படி பொழுதுபோக்காக முக்குளிப்போர் 30 மீட்டருக்குக் கீழே செல்லலாகாது. நாங்கள் அந்த அளவை நெருங்கவேயில்லை.

முஸ்லிம் குடும்பங்களுக்கு ஒரு தகவல். மாலத்தீவு என்றதும் உல்லாச விடுதிகள் மட்டுமே பலருக்கு நினைவுக்கு வரும். 2009ஆம் ஆண்டு முதல், மக்கள் குடியிருக்கும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதி அளிக்கப்பட்டுள்ளது. இத்தகைய தீவுகளில் மது கிடையாது; பன்றி இறைச்சி கிடையாது; ஐந்து வேளையும் பாங்கொலி கேட்கும். தெருவில் எதிர்ப்படுகிறவருக்கு ஸலாம் சொன்னால் முகமலர்ந்து பதில் வரும். பெண்களுடன் செல்லும் குடும்பத்தினர் மன நிம்மதியுடன் தங்குவதற்கு ஏற்ற இடங்கள் இவை.

காத்திருக்க வேண்டிய காரணம்

எங்கள் விமானம் கடைசி நாள் இரவு எட்டு மணிக்கு. முந்தைய நாள் மாலை நான்கு மணிக்கே கடைசி முக்குளிப்பை முடித்துக் கரையேறிவிட்டோம். இத்தனை இடைவெளி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம்.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. இருபது மீட்டர் ஆழத்தில் தரையிலுள்ளதைப் போல மும்மடங்கு அழுத்தம். அங்கே உருளைக் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் வழக்கத்தைவிட மிகுதியாக இரத்தத்திலும், தசையிலும், கொழுப்பிலும் கரைகிறது. நிதானமாக மேலே வந்தால் அது மூச்சின் வழியே சிறிது சிறிதாக வெளியேறிவிடும். விரைந்து வந்தால் கோலி சோடாவைத் திறந்தவுடன் பொங்குகிறதே, அதுபோல உடலுக்குள்ளேயே குமிழிகள் தோன்றும். மூட்டுவலி, தோலில் தடிப்பு, கை கால் மரத்துப்போதல், கடுஞ்சோர்வு, சிலருக்குப் பக்கவாதம் போன்ற முடக்கம் என அதன் விளைவுகள் பலவகை. பிரெஞ்சு அறிஞர் பால் பெர்ட் 1878இல் இந்தக் குமிழிகளே நோய்க்குக் காரணம் என்று எழுதினார். 1908இல் ஹால்டேன் என்னும் பிரிட்டன் நாட்டு அறிஞர், எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு மெதுவாக மேலே வரவேண்டும் என்பதற்கு அட்டவணை வகுத்தார்.

கரையேறியவுடன் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. மிச்சமிருக்கும் நைட்ரஜன் முழுவதும் வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் விமானத்தில் ஏறினால் என்ன நேரும்? பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் தரையிலுள்ள அளவு இருப்பதில்லை. ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமமாகவே அதை வைத்திருக்கிறார்கள். அதாவது நீங்கள் விமான இருக்கையில் அமர்ந்திருந்தாலும், உங்கள் உடலைப் பொறுத்தவரை கொடைக்கானலிலோ உதகமண்டலத்திலோ இருக்கிறீர்கள். அழுத்தம் குறைந்ததும் அடங்கியிருந்த நைட்ரஜன் குமிழியாகக் கிளம்பக்கூடும்.

அதனால்தான் ஒரே ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல நாட்கள் தொடர்ந்து மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏறவேண்டும் என்று முக்குளிப்பு மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். பல நிலையங்கள் 24 மணி நேரம் என்றே கணக்கு வைத்துக்கொள்கின்றன.

நம் முன்னோர் முத்துக்குளித்தார்களே, அவர்களுக்கு இந்தத் தொல்லை இருந்ததா என்ற ஐயம் எழுவது இயற்கை. மன்னார் வளைகுடாவில் அவர்கள் கல்லின் துணையோடு இறங்கி, இடுப்புக் கூடையில் சிப்பி அள்ளி, கயிறு பிடிப்பவர் இழுக்க மேலே வந்தார்கள். தரையில் இழுத்த ஒரே மூச்சுதான் அவர்களுக்குத் துணை. ஆழத்தில் புதிய காற்று எதையும் அவர்கள் சுவாசிக்கவில்லை. ஆகவே நைட்ரஜன் சேர்வது மிகக் குறைவு. அவர்களுக்கு இருந்த ஆபத்துகள் வேறு. அவற்றை அவர்கள் தம் பிள்ளைகளின் பசிக்காக ஏற்றார்கள். நாமோ விடுமுறைக்காகச் செல்கிறோம். விடுமுறைக்காக உடலைப் பணயம் வைப்பது முறையாகாது.

மருமகனின் வழக்கு

கடைசி நாள் காலை சுபுஹு தொழுகை முடிந்து பள்ளியிலிருந்து திரும்பும்போது என் மருமகன் மெல்லப் பேச்சைத் தொடங்கினான். அவனுக்கு வயது பத்தொன்பது. ஐந்து நாட்களாகக் கடலில் அவன் தேடியது திமிங்கலச் சுறாவை. உலகிலுள்ள மீன்களிலேயே பெரியது அது; மனிதரைத் தாக்காமல், நுண்ணுயிர்களை வடிகட்டி உண்ணும் சாது. ஆண்டு முழுவதும் அது நடமாடும் இடங்களுள் தெற்கு ஆரி ஒன்று. 2009இல் இந்தக் கடற்பகுதி பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. எங்களுக்கு மட்டும் அது கண்ணில் படவேயில்லை.

"மாமா, இப்போது இறங்கினால் எட்டு மணிக்குக் கரையேறிவிடலாம். விமானத்திற்கு முழுதாகப் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது. பன்னிரண்டு போதும் என்றுதானே சொன்னார்கள்?"

"அது ஒரே ஒரு முறை மூழ்கியவருக்கு. நீ ஐந்து நாட்களாக மூழ்கியிருக்கிறாய்."

"நேற்று மாலைக்குப் பிறகு ஓய்வாகத்தானே இருந்தேன்? எனக்கு ஒன்றும் செய்யவில்லை."

வழக்கைப் பயிற்றுநரிடமே கொண்டு சென்றோம். அவர் அந்தத் தீவைச் சேர்ந்த நடுவயதுக்காரர். கோபிக்கவுமில்லை, சிரிக்கவுமில்லை. மருமகனின் கையிலிருந்த பதிவேட்டை வாங்கி, ஒன்பது முக்குளிப்புகளின் ஆழத்தையும் நேரத்தையும் விரலால் தொட்டுக் காட்டினார். "ஒன்றும் செய்யவில்லை என்று உனக்குத் தோன்றுவது உண்மைதான். விமானம் ஏறிய பிறகுதான் செய்யும். அப்போது அங்கே நான் இருக்கமாட்டேன்" என்றார்.

பையன் தலை குனிந்தான். அவன் தாய்க்கு அவன் ஒரே மகன். "பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவா, காக்கா" என்று என் தங்கை வாசலில் நின்று சொன்னது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. ஆயினும் இளைஞனின் ஆசையைப் பயிற்றுநர் அடியோடு தள்ளிவிடவுமில்லை. திமிங்கலச் சுறா பெரும்பாலும் நீர்மட்டத்தை ஒட்டியே நீந்தும். முகக்கண்ணாடியும் மூச்சுக் குழலும் அணிந்து மேற்பரப்பிலேயே மிதந்து பார்ப்பதில் இந்த ஆபத்து இல்லை. கீழே மூழ்காமல் மிதக்கமட்டும் சம்மதமானால் ஏழு மணிப் படகில் வரலாம் என்றார். உருளையின்றி எல்லோரும் புறப்பட்டோம்.

இரண்டு மணி நேரம் படகு அந்தப் பவளத்திட்டின் விளிம்பை ஒட்டி மேலும் கீழும் சென்றது. கூரைமேல் ஒருவர் நின்று நீரில் நிழல் தெரிகிறதா என்று தேடிக்கொண்டேயிருந்தார். சுறா வரவில்லை. நம் விருப்பத்திற்கு வந்து நிற்க அது வளர்ப்பு மிருகமா?

ஆனால் மிதந்தபடியே குனிந்து பார்த்தபோது வேறொன்று தெரிந்தது. முந்தைய நாட்களில் ஆழத்தில் வண்ண மீன்களையே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு, ஆழமற்ற பகுதியின் நிலை அன்றுதான் முழுமையாகக் கண்ணில் பட்டது. கிளைக் கிளையாகப் பவளங்கள் செத்து, பாசி படர்ந்து, சாம்பல் நிறத்தில் நின்றன. பவளம் என்பது கல்லன்று; நுண்ணிய உயிர்களின் கூட்டுக் குடியிருப்பு. அவற்றின் உடலுக்குள் வாழும் பாசியே நிறமும் உணவும் தருகிறது. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். அப்போது வெளுத்துப்போகிறது. சூடு நீடித்தால் பட்டினியால் இறந்துபோகிறது. மாலத்தீவில் 1998இல் இப்படி ஒரு பேரழிவு நேர்ந்தது. 2016இல் மீண்டும் நேர்ந்தது. 2024இல் உலகின் பல கடல்களில் பவளங்கள் வெளுத்தபோது மாலத்தீவும் தப்பவில்லை. செத்த கிளைகளுக்கு இடையே உள்ளங்கை அளவில் புதுப் பவளங்கள் முளைத்திருந்தன. அவற்றை என் மருமகன்தான் முதலில் சுட்டிக் காட்டினான்.

நன்னீரின் அருமை

கடைசி நாளின் வேலைகளில் முதன்மையானது கருவிகளைக் கழுவுதல். உப்பு உலர்ந்து படிகமானால் சுவாசக் கருவியின் நுண்ணிய உறுப்புகளைப் பழுதாக்கிவிடும். முந்தைய மாலையே எல்லாவற்றையும் நன்னீர்த் தொட்டியில் ஊறவைத்துக் கழுவி, இரவு முழுவதும் நிழலில் காயவிட்டிருந்தோம். ஈரத்தோடு கட்டினால் பூசணம் பிடிப்பதோடு, விமானத்தில் எடையும் கூடும். விளக்குகளின் லித்தியம் மின்கலங்களைக் கைப்பையில்தான் வைக்கவேண்டும்.

அந்தத் தொட்டியில் வீணாக ஒரு குவளை நீரையும் சிந்தவிடாமல் பயிற்றுநர் கவனித்துக்கொண்டார். காரணம் உண்டு. ஆறுகள் இல்லாத நாடு அது. மழைநீரும், கடல்நீரை நன்னீராக்கும் ஆலைகளுமே மக்களின் தாகம் தீர்க்கின்றன. 2014 டிசம்பரில் தலைநகர் மாலேயின் ஆலையில் தீப்பிடித்து, நகரமே குடிநீரின்றித் தவித்தது. அப்போது இந்தியா விமானங்களிலும் கடற்படைக் கப்பல்களிலும் நீர் அனுப்பி உதவியது. குடத்துடன் வரிசையில் நிற்கும் துன்பத்தை அறிந்த நம் பகுதித் தாய்மார்களுக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும்.

காலை உணவு மாஸ் ஹுனி. சூரை மீனைத் தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாயுடன் பிசைந்து ரொட்டியுடன் உண்கிறார்கள். 'மாஸ்' என்றால் அவர்கள் மொழியான திவேஹியில் மீன். நம் வீட்டுச் சம்பலுக்கு உயிரூட்டும் மாசி அங்கிருந்துதான் வருகிறது. சூரையை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் கட்டை போல் உலர்த்துகிறார்கள். ரமலான் நெருங்கிக்கொண்டிருந்ததால், ஸஹர் நேரச் சம்பலுக்கென்று தலைக்கு ஒரு பொட்டலம் வாங்கினோம்.

பைக்குள் வைக்கக்கூடாதவையும் உண்டு. கரையில் கிடக்கும் பவளத் துண்டு, ஆமை ஓடு ஆகியவற்றை எடுத்து வராதீர்கள். அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. நம் நாட்டிலும் பவளம் 2001 முதல் வன உயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுள்ளது. பேரப்பிள்ளைக்கு விளையாடக் கொடுக்கலாமே என்று எடுத்த ஒரு துண்டு, சுங்கத்துறையினர் முன் பெரும் வழக்காகிவிடும்.

பவளக் கல்லில் ஒரு பள்ளி

பகல் ஒரு மணிக்கு விரைவுப் படகு. மாலே ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். இரண்டு மணி நேர ஓட்டம். குமட்டல் உள்ளவர்கள் படகின் பின்பகுதியில் அமர்வது நலம். முன்பகுதி அலையில் அதிகம் தூக்கிப் போடும். அவர்கள் தம் மரபுப் படகைத் 'தோனி' என்கிறார்கள். நம் தோணியும் அதுவும் உடன்பிறப்புகள் என்பதை எழுத்தே சொல்கிறது. தூத்துக்குடித் தோணிகள் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு மாலேக்குச் சென்று வந்த வரலாறு நெடியது.

மாலேயில் ஹுகுரு மிஸ்கி எனப்படும் பழைய ஜும்மா பள்ளியில் அஸர் தொழுதோம். 1658இல் சுல்தான் இப்ராஹீம் இஸ்கந்தர் காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது. கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லை அறுத்து, ஒன்றோடொன்று பொருந்தக் கோத்துச் சுவர் எழுப்பி, அதில் எழுத்தும் கொடியும் செதுக்கியிருக்கிறார்கள். கருங்கல்லில் கட்டிய கீழக்கரைப் பழைய பள்ளியை அறிந்தவர்களுக்கு, இரண்டும் உறவுக்காரர்களின் முகம்போலத் தோன்றும். அவரவர் மண் தந்த கல்லில், அவரவர் மண்ணின் கைத்திறனில், ஒரே இறைவனுக்கான இல்லங்கள்.

1153இல் இஸ்லாத்தைத் தழுவிய இந்நாட்டிற்கு 1343இல் வந்து காஜியாகப் பணியாற்றியவர் பயணி இப்னு பதூதா. 1344இல் அவர் புறப்பட்ட வழி நமக்கு நெருக்கமானது. இலங்கைக்குச் சென்று, பின்னர் மஅபர் எனப்பட்ட நம் கரையை நோக்கி வந்தபோது அவருடைய கப்பல் கரைக்கு அருகே சிக்கிக்கொண்டது. உயிர் தப்பி, தமக்கு மனைவி வழி உறவினரான மதுரைச் சுல்தான் கியாதுத்தீன் தாமகானியிடம் சேர்ந்தார். மதுரையில் அப்போது கொள்ளை நோய் பரவியிருந்ததையும் எழுதிவைத்திருக்கிறார். அவருக்கு அத்தனை துன்பம் தந்த கடலை நாங்கள் அன்றிரவு ஒன்றரை மணி நேரத்திற்குள் கடக்கவிருந்தோம்.

இரவு வழி

2018இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியாக மாலேயிலிருந்து விமான நிலையத் தீவுக்கு வாகனத்திலேயே செல்லலாம். மக்ரிபையும் இஷாவையும் நிலையத்திலேயே சேர்த்துத் தொழுதோம். ஷாஃபிஈ மத்ஹபில் பயணிக்கு இச்சலுகை உண்டு. விமானம் மேலெழும்பியபோது மருமகன் தன் முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டான். "வலிக்கிறதா?" என்றேன். "இல்லை மாமா, சும்மா பார்த்தேன்" என்றான். காலையில் பயிற்றுநர் சொன்னது அவன் மனத்தில் தைத்திருந்தது.

திருவனந்தபுரத்தில் இறங்கி, கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினோம். நாகர்கோவில் பேருந்து கிடைத்தது. அதன்பின் ஆரல்வாய்மொழிக் கணவாய். இருளில் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள். இந்த வழி தாழ்வானது, கவலையில்லை. ஆனால் கொச்சி வழியாகத் திரும்பி, மூணாறு மலையேறித் தேனிக்கு வரும் எண்ணம் உடையவர்கள் கவனிக்க வேண்டும். மூணாறு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலிலிருந்து கரையேறிய அன்றே மலையேறுவதும் விமானம் ஏறுவதைப் போன்றதே. லட்சத்தீவில் முக்குளித்துவிட்டுக் கப்பலில் வருகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

திருநெல்வேலியில் தேநீர். தூத்துக்குடியில் சுபுஹு தொழுகை. அங்கிருந்து சாயல்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தோம். பனங்காடும் உவர் நிலமும் கடந்ததும் வலப்புறம் கடல் தெரிந்தது. ஊர் சேர்ந்தபின் இரண்டு நாட்கள் கனமான வேலை செய்யாமல் இருப்பது நல்லது. மூட்டுவலியோ மரத்துப்போதலோ தோன்றினால் பயணக் களைப்பு என்று தைலம் தடவிக்கொண்டு படுத்துவிடாதீர்கள். கடலில் மூழ்கிய செய்தியை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். ஆக்ஸிஜனும், அழுத்த அறைச் சிகிச்சையும் காலத்தே கிடைத்தால் பெரும்பாலும் குணமாகும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நாங்கள் பேருந்தில் பார்த்த அந்தக் கடலிலும் பவளம் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிலும் பவளத்திட்டுகள் பரந்துள்ளன. 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவானது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. 21 தீவுகளில் இரண்டு ஏற்கெனவே நீருக்குள் மறைந்துவிட்டன. 2010லும் 2016லும் இங்கேயும் பவளங்கள் வெளுத்தன. மாலத்தீவின் மக்கள் 1995இல் திமிங்கலச் சுறா வேட்டையையும், 2010இல் எல்லாச் சுறா வேட்டையையும் சட்டத்தால் நிறுத்தினார்கள். கடலையே நம்பி வாழும் ஒரு சிறிய நாடு அதைச் செய்திருக்கிறது. கடலையே நம்பி வளர்ந்த ஊர்கள்தாம் நம்முடையவையும்.

என் மருமகன் இப்போது வார இறுதிகளில் கடற்கரையில் கிடக்கும் அறுந்த வலைகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறான். அவனுடன் தெருப்பிள்ளைகள் நால்வர். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கடலைக் காண ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். முறையான பயிற்சியுடன் அனுப்புங்கள்; திரும்பும் நாளுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்கி அனுப்புங்கள். இறைவன் வானத்திற்குக் கீழே எத்தனையோ அற்புதங்களை வைத்திருப்பது போல நீருக்கடியிலும் வைத்திருக்கிறான். அவற்றைக் கண்டு, நலமாக வீடு திரும்பும் பேற்றை நம் எல்லோருக்கும் அவன் அருள்வானாக!